சுடருக்குள் பிறக்கும் கரி

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. பரங்கிப்பேட்டை, புவனகிரி பக்கமெல்லாம் பரணில் கிடந்த சிம்னி விளக்கும் அரிக்கேனும் மறுபடி கூடத்துக்கு இறங்கி வந்தன. ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். ஆனாலும் பாட்டிலின் அந்தப் பக்கம் இருப்பது தெரியுமளவுக்கு அது தெளிவான எண்ணெய். அதை ராத்திரி முழுக்க எரித்துவிட்டுக் காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கருப்பு. விளக்கு மாட்டிய ஆணிக்கு மேலே, சுவரில் கூரை வரைக்கும் ஒரு கருந்தீற்றல்.

எண்ணெயில் கருப்பு இல்லை, காற்றிலும் இல்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? ‘எண்ணெய் சரியாக எரியவில்லை, மிஞ்சியதுதான் கரி’ என்று பொதுவாகச் சொல்வோம். அது பாதி உண்மை. புகைக்கரி என்பது எரியாமல் தங்கிய எண்ணெய் அல்ல; சுடர் தனக்குள்ளேயே புதிதாக உருவாக்குகிற பொருள். ஒரு வினாடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள் அது உருவாகிவிடுகிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த இரவில் நமக்கு வெளிச்சம் தந்ததும் இதே கரிதான்.

முதலில் சுடரின் அமைப்பு. திரி எண்ணெயை மேலே இழுக்கிறது. ஆனால் எரிவது திரியும் அல்ல, திரவமான எண்ணெயும் அல்ல. வெப்பத்தில் எண்ணெய் ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. ஆவி திரியிலிருந்து வெளிநோக்கிப் பரவ, ஆக்சிஜன் சுற்றியுள்ள காற்றிலிருந்து உள்நோக்கிப் பரவுகிறது. இரண்டும் எரிவதற்குத் தேவையான விகிதத்தில் எங்கே சந்திக்கின்றனவோ அந்த மெல்லிய எல்லையில் மட்டும்தான் தீ. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீர் ஒரு பக்கமிருந்தும் உப்புத் தண்ணீர் மறுபக்கமிருந்தும் வந்து கலக்கிற இடம் நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் அது கடலுக்குள் தள்ளிப்போகும், வற்றினால் உள்ளே ஏறிவரும். திரியைத் தூண்டினால் சுடர் நீள்வதும் இதே கணக்குதான். ஆவி கூடுதலாக வந்தால், போதிய ஆக்சிஜனைச் சந்திக்க அது இன்னும் உயரே போயாக வேண்டும். இப்படிப் பரவிக் கலந்து எரியும் தீயை விரவற்சுடர் என்கிறார்கள். 1928இல் பர்க், ஷூமான் என்ற இருவர் இந்தக் கணக்கைச் சமன்பாடுகளாக எழுதி, சுடரின் உருவத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே சொல்ல முடியும் என்று காட்டினார்கள். இன்றும் எரிதலைப் பற்றிப் படிக்கிற பொறியியல் மாணவர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

சுடர் உள்ளே கூடானது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். தடித்த வெள்ளை அட்டை ஒன்றைக் கிடைமட்டமாகப் பிடித்து, மெழுகுவத்திச் சுடரின் நடுப்பகுதி வரை, திரிக்குச் சற்று மேலே, ஒரு வினாடி அழுத்திவிட்டு எடுங்கள். அட்டையின் அடியில் கருகிய வட்டம் இருக்காது, வளையம் இருக்கும். நடுப்பகுதி வெறுமனே சூடாகியிருக்கும், அவ்வளவுதான். அங்கே மெழுகு ஆவி உண்டு, ஆக்சிஜன் இல்லை. (பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும்.)

சுடர் கண்ணீர்த்துளி உருவில் நிமிர்ந்து நிற்பதற்கும் தீ காரணமல்ல, புவியீர்ப்புதான் காரணம். சூடான வாயு லேசாகி மேலே எழ, கீழிருந்து புதுக்காற்று உள்ளே வருகிறது. 1992இல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தார்கள். எடையற்ற அந்த இடத்தில் சுடர் நிமிரவில்லை. மங்கலான நீலக் கோளமாக, மஞ்சளே இல்லாமல் எரிந்தது.

நீலத்துக்கும் மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது. எரிபொருளையும் காற்றையும் முதலிலேயே நன்றாகக் கலந்து, பிறகு பற்றவைத்தால் சுடர் நீலமாக எரியும், கரி வராது. 1855இல் புன்சன் தன் ஆய்வகத்துக்காகச் செய்துகொண்ட அடுப்பின் தத்துவம் இதுதான். நம் வீட்டு எரிவாயு அடுப்பும் அதன் பேரப்பிள்ளைதான். ஆனால் நீலச் சுடரில் படிக்க முடியாது, வெளிச்சம் போதாது. திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் தலையில் தூக்கிச் சென்ற பெட்ரோமாக்ஸை நினைவிருப்பவர்களுக்கு இது புரியும். காற்றடித்து, மண்ணெண்ணெயை ஆவியாக்கி, காற்றோடு கலந்து நீலமாக எரிய வைத்து, அந்தச் சூட்டில் ஒரு மேண்டிலை ஒளிரச் செய்யும் விளக்கு அது. கரி இல்லாததால் ஒளிர வேறு ஒரு திடப்பொருள் தேவைப்பட்டது. அந்த மேண்டிலில் இருந்தது தோரியம் ஆக்சைடு. அந்தத் தோரியத்துக்காகத்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைத் தேடி வந்தார்கள். அது தனிக் கதை.

சாதாரண விளக்கில் மேண்டில் இல்லை. சுடரே தனக்கு வேண்டிய திடப்பொருளைச் செய்துகொள்கிறது. ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய நுண்ணிய கரித்துகள்கள், கொல்லனின் உலையில் இரும்பு ஒளிர்வது மாதிரியே ஒளிர்கின்றன. குத்துவிளக்கின் மஞ்சள் அதுதான். சுரங்கத் தொழிலாளிகளுக்குக் காப்பு விளக்கு செய்துகொடுத்த ஹம்ஃப்ரி டேவி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். அவருடைய உதவியாளராகச் சேர்ந்து பின்னால் அவரையும் மிஞ்சிய மைக்கேல் ஃபாரடே, மெழுகுவத்தியைப் பற்றிக் குழந்தைகளுக்கு லண்டனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நிகழ்த்திய உரைகளில் இதை அழகாக நிரூபித்தார். பலமான வெளிச்சத்தை மெழுகுவத்திமேல் பாய்ச்சி, பின்னாலுள்ள திரையில் சுடரின் நிழலை விழவைத்தார். ஒளி தருகிற சுடருக்கே நிழல் விழுகிறது. அதிலும் சுடரில் எந்தப் பகுதி மிகப் பிரகாசமோ, நிழலில் அந்தப் பகுதிதான் மிகக் கருப்பு. கரி அங்கே அடர்ந்திருப்பதால் ஒளி மறைகிறது. காலை வெயில் சுள்ளென்று சுவரில் விழும் நேரத்தில் ஓர் அகலை ஏற்றிவைத்து நீங்களும் பார்க்கலாம். இந்த வகையில் ஃபாரடேயின் சோதனைக்கு நிகரான மலிவான சோதனை வேறில்லை என்பது என் எண்ணம்.

சரி, தெளிவான எண்ணெய் எப்படிக் கரியாகிறது? மண்ணெண்ணெய் மூலக்கூறு என்பது பத்திலிருந்து பதினாறு வரையிலான கார்பன் அணுக்கள் பெரும்பாலும் சங்கிலியாகக் கோத்து, ஹைட்ரஜன் போர்த்திய ஒன்று. சுடரின் உட்புறத்தில் ஆக்சிஜன் இல்லை, ஆனால் வெப்பம் உண்டு. சங்கிலி துண்டு துண்டாக உடைகிறது, ஹைட்ரஜன் கழன்றுகொள்கிறது. மிஞ்சும் சிறு துண்டுகளில் முக்கியமானது அசிட்டிலீன். வெல்டிங் கடையில் சிலிண்டரில் இருக்கும் அதே வாயு. இப்போது விசித்திரமான ஒன்று நடக்கிறது. உடைந்த துண்டுகள் மேலும் உடைவதற்குப் பதிலாக ஒன்றோடொன்று சேரத் தொடங்குகின்றன. ஆறு கார்பன் சேர்ந்து ஒரு வளையம்: பென்சீன். அந்த வளையத்தின் ஓரத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் பிடுங்கப்பட, அந்த இடத்தில் ஓர் அசிட்டிலீன் ஒட்டுகிறது. மறுபடி பிடுங்கல், மறுபடி ஒட்டல். இரண்டு வளையம், மூன்று, நான்கு என்று தட்டையான தேன்கூட்டு வடிவ மூலக்கூறுகள் விரிகின்றன. மைக்கேல் ஃப்ரெங்க்லாக் முதலானவர்கள் 1980களிலிருந்து இந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார்கள்.

அடுத்த படிதான் சிக்கல். வாயுவாகத் திரியும் இந்தத் தட்டை மூலக்கூறுகள் எந்தக் கணத்தில், எந்தக் காரணத்தால் கூடி ஒரு திடத்துகளாகின்றன? வெறுமனே ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒட்டிக்கொள்ளும் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் சுடரின் வெப்பத்தில் அந்தப் பிடிப்பு நிற்காது, பிரிந்துவிடும். 2018இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஹோப் மிக்கெல்சனின் குழு ‘சயன்ஸ்’ இதழில் வேறொரு விளக்கம் தந்தது: தனித்த எலக்ட்ரான் ஒன்றைத் தன் உடல் முழுக்கப் பகிர்ந்துகொண்டு நிலைத்திருக்கும் ஒருவகை ஹைட்ரோகார்பன் துண்டுகள், ஒன்றையொன்று உண்மையான வேதிப் பிணைப்பால் இழுத்துக் கொத்தாக்குகின்றன என்று. விவாதம் இன்னும் ஓயவில்லை. மனிதன் தீயைக் கையாளத் தொடங்கிப் பல லட்சம் ஆண்டுகள் ஆகியும், அகல் விளக்கில் கரியின் முதல் துகள் எப்படிப் பிறக்கிறது என்பது இன்றும் ஆய்வுக்கட்டுரைப் பொருளாக இருப்பது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

முதல் துகள் பிறந்தபின் மற்றது வேகம்தான். அசிட்டிலீன் அதன் மேற்பரப்பில் வந்து படிய, துகள் இருபது, முப்பது, ஐம்பது நானோமீட்டர் குறுக்களவுக்கு உருண்டு திரள்கிறது. முப்பது நானோமீட்டர் என்பது தலைமுடித் தடிப்பில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அத்தனை சிறிய உருண்டைக்குள் பத்து லட்சம் கார்பன் அணுக்கள் இருக்கும். பிறகு உருண்டைகள் மோதி ஒட்டிக்கொண்டு, கிளைவிட்ட சரங்களாகின்றன. மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த எந்தப் புகைக்கரிப் படத்திலும் இந்தச் சரங்களைக் காணலாம். 2011இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மெழுகுவத்திச் சுடரின் நடுவிலிருந்து துகள்களை எடுத்துப் பார்த்தபோது வைர நுண்துகள்களும் இருந்தன. வினாடிக்குப் பதினைந்து லட்சம் உண்டாகின்றன என்று கணக்கிட்டார்கள். உண்டான வேகத்திலேயே எரிந்தும் போகின்றன; பிடித்து விற்க வழியில்லை.

எரிபொருளின் மூலக்கூறு அமைப்பும் கணக்கில் வரும். நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய் போன்றவற்றில் மூலக்கூறுக்குள்ளேயே கொஞ்சம் ஆக்சிஜன் உண்டு. மண்ணெண்ணெயில் அது இல்லை. தவிர பென்சீன் வளையங்கள் ஏற்கெனவே தயாராக ஒரு பங்கு இருக்கும், புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. கற்பூரம்? பத்துக் கார்பனில் பெரும்பாலானவை வளையமாக முடிச்சுப் போட்டுக்கொண்ட மூலக்கூறு. ஆக்சிஜன் ஒன்றே ஒன்று. சிதம்பரத்தில் தீபாராதனைத் தட்டைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், கற்பூரச் சுடரின் நுனியிலிருந்து கருப்பு நூலாகப் புகை கிளம்புவது தெரியும். பக்கத்தில் நெய் விளக்கு ஒன்று எரிந்தால் அதில் அது இராது.

இனி, உருவான கரி என்ன ஆகிறது? இதுதான் விளக்குக்கும் புகைக்கும் நடுவிலுள்ள கோடு. நன்றாகத் திரி நறுக்கிய விளக்கிலும் கரி ஏராளமாக உருவாகிறது. இல்லாவிட்டால் மஞ்சள் ஏது? ஆனால் அந்தத் துகள்கள் மேலேறி, சுடரின் விளிம்பில் ஆக்சிஜனைச் சந்தித்து எரிந்து, கண்ணுக்குத் தெரியாத கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடுகின்றன. திரியைத் தூண்டிவிட்டால் சுடர் நீள்கிறது, கரி கூடுகிறது. கரி கூடினால் ஒளி கூடுகிறது. ஒளியாக வெளியேறுவது சுடரின் வெப்பம்தான் அல்லவா? ஆகவே சுடர் குளிர்கிறது. நுனியில் வெப்பம் ஏறத்தாழ ஆயிரம் டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் கரி எரியாது, அப்படியே தப்பி வெளியே வந்துவிடும். அதாவது கரி ஓர் அளவை மீறினால் தன்னை எரிக்க வேண்டிய தீயைத் தானே அணைத்துவிட்டுத் தப்பிக்கிறது. அரிக்கேனின் திரியைக் கால் சுற்றுக் கூட்டியதும் சிம்னி சட்டென்று கருப்பது இதனால்தான். வெளிச்சத்துக்காகக் கூட்டினோம், கண்ணாடி கறுத்து இருந்ததும் போயிற்று.

புகை வராமல் சுடர் எட்டக்கூடிய அதிகபட்ச உயரத்தைப் புகைப்புள்ளி என்கிறார்கள். இதை அளப்பது ஆய்வகத்து விளையாட்டு அல்ல. விமானத்துக்குப் போடும் ஜெட் ஏ-1 எரிபொருளைத் தேர்ச்சி பார்க்கும் சோதனைகளில் ஒன்று, அதை ஒரு சிறு திரிவிளக்கில் ஊற்றி எரித்து, புகை தொடங்கும் உயரத்தை அளவுகோலில் பார்ப்பது. 25 மில்லிமீட்டர் வரை புகையாமல் எரிந்தால் தேறியது. கோடிக்கணக்கில் விலைபோகும் எஞ்சினுக்கான எண்ணெயின் தரத்தைச் சொல்வது ஒரு திரி விளக்கு!

கரி தப்புவதற்கு இன்னொரு வழி, அதை நாமே பாதியில் மறித்துக்கொள்வது. கண்மை காய்ச்சுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை ஊறவைத்து நிழலில் காயவைத்து, திரியாகத் திரித்து, அகலில் ஆமணக்கெண்ணெய் விட்டு ஏற்றுவார்கள். இருபுறமும் செங்கல் வைத்து, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்ப்பார்கள். தட்டை வைக்கும் உயரத்தில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. சுடரின் நுனிக்கு வெகு மேலே வைத்தால் ஒன்றும் படியாது, ஏனென்றால் கரி அதற்குள் எரிந்து முடிந்திருக்கும். மஞ்சள் பகுதியையே தட்டு வெட்டுகிற மாதிரி வைக்க வேண்டும். ஒளிர்ந்துகொண்டிருந்த துகள், குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் எரிய முடியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. தவிர, சூடான வாயுவில் மிதக்கும் நுண்துகளைச் சூடான பக்கத்து மூலக்கூறுகள் பலமாகவும் குளிர்ந்த பக்கத்தவை மெதுவாகவும் இடிப்பதால், துகள் தானாகவே குளிர்ந்த பரப்பை நோக்கித் தள்ளப்படுகிறது. விளக்குக்கு மேலே சுவர் கறுப்பதும் இந்தத் தள்ளலால்தான். விடியற்காலையில் தட்டைத் திருப்பினால் வெல்வெட்டாக ஒரு கருப்புப் படலம் இருக்கும். விரலில் தொட்டால் கனமே தெரியாது. கத்தியின் முதுகால் சுரண்டி, இரண்டு சொட்டு ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை. குழந்தையின் கண்ணுக்குள் தீட்டாதீர்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் சரி. கன்னத்துப் பொட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஓலைச்சுவடியும் இந்தக் கரிக்குக் கடன்பட்டது. எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையின் நிறத்திலேயே இருக்கும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் கீறலில் கரி தங்கி எழுத்து தெரியும். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்த உ.வே. சாமிநாதையர் தம் வாழ்நாள் முழுக்கப் படித்த ஏடுகளில் கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் இப்படி ஏதோ ஒரு சுடரிலிருந்து தப்பிய கார்பன்தான்.

பரங்கிப்பேட்டைக்கு எரிப்பில் ஒரு பெரிய வரலாறு உண்டு, ஆனால் அது சுடரின் வரலாறு அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் இங்கே இரும்பு உருக்காலை தொடங்கினார். சேலத்து இரும்புத்தாது, காட்டு மரத்தின் அடுப்புக்கரி. அடுப்புக்கரி எரியும்போது புகைக்கரி வராது என்பது ஊதுலையில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். மரத்திலிருந்து ஆவியாகக்கூடியதெல்லாம் கரிமூட்டத்திலேயே போய்விட்டது. மிஞ்சிய கார்பன் தன் மேற்பரப்பில்தான் கனன்று எரிகிறது. ஆவி இல்லை, ஆகவே மஞ்சள் சுடர் இல்லை, புதுக்கரி கட்டப்படவும் வழியில்லை. புகையெல்லாம் ஆலைக்கு வெளியே, காட்டில் கரிமூட்டம் போட்ட இடத்திலேயே முடிந்திருக்கும். ஆலை 19ஆம் நூற்றாண்டைத் தாண்டவில்லை.

இன்றைய பரங்கிப்பேட்டையில் விரவற்சுடர் இருக்கும் இடம் அன்னங்கோவில் கடற்கரையில் நிற்கும் படகுகளின் எஞ்சினுக்குள். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றுக்குள் டீசல் பீய்ச்சப்படுகிறது. கலப்பதற்கு நேரமில்லாமல் பற்றிக்கொள்கிறது. 1997இல் ஜான் டெக் என்பவர் லேசர் ஒளியால் எஞ்சினுக்குள் எடுத்த படங்களை வைத்து உள்ளே நடப்பதை வரைந்து காட்டினார்: நடுவே டீசல் ஆவி மிகுந்த பகுதி முழுக்கக் கரி, அதைச் சுற்றி மெல்லிய விரவற்சுடர். உண்டாகும் கரியில் பெரும்பகுதி சிலிண்டருக்குள்ளேயே எரிந்துவிடுகிறது. குழாயில் நாம் பார்ப்பது மிச்சம். முகத்துவாரத்தில் எதிரலையை வெட்டிக்கொண்டு படகு வெளியேறும்போது எஞ்சின் திணறி, கருப்பாகக் கக்கும். அந்த நேரத்தில் டீசல் கூடுதலாகப் போகிறது, காற்று அதே அளவுதான். வெளிக்கடலில் சீராக ஓடும்போது புகை குறைந்துவிடும். சாலை வண்டிகளுக்கு 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தது. டீசல் கார்களின் புகைக்குழாயில் கரி வடிகட்டியும் வந்தது. படகுக்கு அந்த விதி இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையில் தாவர எண்ணெய்களிலிருந்து செய்த பயோடீசலை எஞ்சினில் ஓட்டிப் புகையை அளக்கும் ஆய்வுகள் நெடுநாளாக நடக்கின்றன. தாவர எண்ணெயில் ஆக்சிஜன் இருக்கிறது என்று மேலே சொன்னதுதான் அவற்றின் அடிப்படை. கரி குறைகிறது, ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு சற்றுக் கூடுவது வழக்கம். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும்புகிற தொல்லை இந்தத் துறை முழுக்க உண்டு.

அதே பல்கலைக்கழகத்தில் 1965இல் பொறியியல் பட்டம் வாங்கிய ஒருவர், புகைக்கரியை உலகத் தட்பவெப்பக் கணக்கில் ஏற்றியவர்களில் முக்கியமானவர். மதுரையில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். சிதம்பரத்தில் படித்து முடித்ததும் செகந்திராபாத்தில் குளிர்பதனப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. குளிரூட்டும் வாயு கசிவதைத் தடுப்பது அவர் பொறுப்பு. பின்பு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா. கசியவிடாமல் அடைத்துக்கொண்டிருந்த அதே வகை வாயு, கார்பன் டை ஆக்சைடைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975இல் கண்டுசொன்னவர் அவர். நோபல் பரிசு பெற்ற பால் க்ருட்சனோடு சேர்ந்து 1999இல் இண்டோயெக்ஸ் என்ற பெரும் கள ஆய்வை நடத்தினார். விமானம், கப்பல், மாலத்தீவில் ஒரு கண்காணிப்பு நிலையம். குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று துணைக்கண்டத்திலிருந்து கடலை நோக்கி வீசும் மாதங்களில், இந்தியப் பெருங்கடலின் வடபகுதி மீது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தடிப்புக்குப் பழுப்பு நிறப் புகைமூட்டம் கிடப்பதை அளந்தார்கள். அடுப்பு, டீசல், காட்டுத்தீ, வயல் எரிப்பு ஆகியவற்றின் கரி அதில் கலந்திருந்தது. வெயிலை அது மேலேயே உறிஞ்சிக்கொள்வதால் மேற்காற்று சூடாகிறது, கீழே கடல் குளிர்கிறது. மழை கடலின் ஆவியாதலை நம்பியிருக்கிற நாட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

புகைக்கரி பூமியை எவ்வளவு சூடாக்குகிறது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்த கருத்தில் இல்லை. 2013இல் வந்த விரிவான மதிப்பீடு அதைக் கார்பன் டை ஆக்சைடுக்கு அடுத்த இடத்தில் வைத்தது; பின்னால் வந்த மதிப்பீடுகள் வெகுவாகக் குறைத்துவிட்டன. கரி மேகங்களை என்ன செய்கிறது என்பதில்தான் குழப்பம். ஒன்றில் மட்டும் தகராறு இல்லை: கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக்கணக்கில் காற்றில் தங்கும், புகைக்கரி ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். மழை கழுவிவிடும்.

உடம்புக்குள் போனால் அப்படிக் கழுவிவிட முடியாது. 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்யும் சிறுவர்களுக்குப் பின்னாளில் விரைப்பையில் வரும் புற்றுக்குக் கரியே காரணம் என்றார். தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவ உலகம் அறிந்த முதல் சம்பவம் அது. கரித்துகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பல வளைய மூலக்கூறுகள்தான் குற்றவாளிகள். 2012இல் டீசல் புகையை உறுதியான புற்றுக்காரணி என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது.

நாம் பயப்படவேண்டிய கரி பெரிய புகைபோக்கியில்தான் இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகளில் சாம்பலும் கந்தக டை ஆக்சைடும் வரும், கார்பன் டை ஆக்சைடு ஏராளமாக வரும். புகைக்கரி மட்டும் ஒப்பீட்டளவில் சொற்பம். பொடித்த பழுப்பு நிலக்கரி, தேவைக்கு மேல் காற்று, எரிந்து முடிய நேரம் என மூன்றும் அங்கே உண்டு. சின்ன நெருப்புக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணாடியில்லாத சாதாரண மண்ணெண்ணெய்த் திரிவிளக்கில் எரியும் எண்ணெயின் எடையில் 7 முதல் 9 விழுக்காடு கரியாக வெளியேறுகிறது என்று அளந்து காட்டியது. அதுவரை இதைவிட வெகு குறைவாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். தானே புயலுக்குப் பிந்திய இரவுகளில் மூக்கில் ஏறியது எவ்வளவு என்று வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்று பெரும்பாலான வீடுகளில் நீலச் சுடர்தான். 2007இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது அரசியல் பேச்சுதான் அதிகம் நடந்தது. விரவற்சுடரை விட்டு முன்கலந்த சுடருக்கு லட்சக்கணக்கான சமையலறைகள் மாறின என்று எவரும் பேசவில்லை. ஆனால் எரிவாயு அடுப்பும் மஞ்சளுக்குத் திரும்பக்கூடியதுதான். காற்று நுழையும் துளையில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் அடைத்தால், பர்னர் கண்களில் பொங்கிய பால் காய்ந்தால், வாயு காற்றில்லாமல் மேலே வந்து மஞ்சளாக எரியும். கடலோரத்து வீடுகளில் இதில் ஒரு மயக்கம் உண்டு. உப்புக்காற்றாலும், சாதம் பொங்கி வழிந்த உப்புத் தண்ணீராலும் நீலச் சுடரில் ஆரஞ்சு மஞ்சளாக மின்னுவது சோடியத்தின் நிறம். அதனால் பாத்திரம் கறுக்காது, கவலையும் வேண்டாம். பாத்திரத்தின் அடி கறுத்தால் அது கரி. பாத்திரத்தைத் தேய்ப்பதோடு விட்டுவிடாமல், அடுப்பு ஆறியபின் பர்னரைக் கழற்றிக் கண்களை ஊசியால் குத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அப்படியும் மஞ்சளாகவே எரிந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மஞ்சள் சுடர் கரியோடு கார்பன் மோனாக்சைடையும் சேர்த்தே தருகிறது.